எட்டுக் குமிழ் வேண்டாம், மண்ணைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளைப் பள்ளி ரக்பி அணியில் சேர்த்திருக்கிறார்கள். வயது 13. எங்கள் வீட்டில் இந்த விளையாட்டைப் பார்த்தவர்கூடக் கிடையாது. "ஸ்டட் வைத்த ஷூ வாங்கிட்டு வா" என்று பி.டி. சார் சொல்லி அனுப்பிவிட்டார். மதுரையில் ஒரு கடையில், அடியில் எட்டு இரும்புக் குமிழ் உள்ள ஷூவைக் காட்டி ரக்பிக்கு இதுதான் என்றார்கள். இன்னொரு கடையில் கால்பந்து ஷூவே போதும் என்றார்கள். அவள் அண்ணனின் பழைய கால்பந்து ஷூ வீட்டில் சும்மா கிடக்கிறது, 7-ம் நம்பர். மகளுக்கு 5. முன்னால் பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்ளலாமா?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: சகோதரி, அந்த எட்டுக் குமிழ் ஷூவை வாங்காதீர்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அது ரக்பிக்கென்றே செய்ததுதான். ஆனால் உங்கள் ஊர் மண்ணுக்காகச் செய்ததல்ல.

ரக்பி வளர்ந்த இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் அது குளிர்கால விளையாட்டு. தரை மழையில் ஊறி, புல் அடர்ந்து, மெத்தென்று இருக்கும். 15 பேர் ஆடும் ஆட்டத்தில் 1 முதல் 8 வரை எண் போட்ட முன்கள வீரர்கள் தோளோடு தோள் பிணைந்து எதிரணியை முட்டித் தள்ளுவார்கள். இதற்கு ஸ்க்ரம் என்று பெயர். அப்போது கால் வழுக்காமல் ஊன்ற, நீளமான ஸ்டட், அதாவது அடியில் உள்ள குமிழ், முழுசாக மண்ணுக்குள் இறங்க வேண்டும். நீங்கள் பார்த்தது அதற்கான ஷூ. முன்பாதத்தில் ஆறு, குதிகாலில் இரண்டு என்று மரை போட்டுத் திருகிய ஸ்டட்கள். பெரும்பாலும் அலுமினியம்.

திருமங்கலத்துக் கரிசல் மண் கோடையில் வெடித்துப் பாறையாகக் கிடக்கும். மதுரை பள்ளி மைதானங்களின் செம்மண்ணும் பல மாதம் சிமெண்ட் தரைபோலத்தான். அங்கே அந்த ஸ்டட் இறங்காது. உடம்பின் மொத்தப் பாரமும் எட்டுப் புள்ளியில் நிற்கும். அரை மணி நேரத்தில் உள்ளங்கால் எரியும். தரைக்கும் பாதத்துக்கும் நடுவே இடைவெளி கூடிவிடுவதால், ஓட்டத்தில் சட்டென்று திசை மாற்றும்போது கணுக்கால் பிசகும்.

அவள் வயதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குதிகால் எலும்பின் பின்பக்கத்தில், எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டு இந்த வயதில் பலருக்கு இன்னும் இறுகியிருக்காது. கெட்டித் தரையில் குதிகால் அடிபட அடிபட அந்த இடம் வலிக்கும். குதிகாலை இருபுறமும் விரலால் அழுத்தினால் "ஆ" என்கிறாளா? வளருகிற பிள்ளைக்கு வரும் வலி என்று விட்டுவிடாமல் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஆடப்படுவது எழுவர் ரக்பி. ஒரு பாதிக்கு 7 நிமிடம்தான். ஸ்க்ரமில் ஒரு பக்கத்துக்கு மூன்றே பேர். மற்றபடி ஓட்டம், ஓட்டம், ஓட்டம். அதனால் தள்ளுவதற்கான பிடிமானத்தைவிட ஓடவும் வெட்டித் திரும்பவும் ஏற்ற அடிப்பாகம்தான் அவளுக்கு முக்கியம். இரண்டாவது கடைக்காரர் சொன்ன கால்பந்து ஷூ தாராளமாகப் போதும். எந்தக் கால்பந்து ஷூ என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெட்டியில் இரண்டு எழுத்துக் குறிப்பு இருக்கும். எஸ்.ஜி. என்றால் ஈரத் தரைக்கான திருகு ஸ்டட், அதைத் தொட வேண்டாம். எஃப்.ஜி. என்றால் ஓரளவு உறுதியான புல்தரைக்கு. அடிப்பாகத்தோடு சேர்த்தே வார்த்த பத்துப் பன்னிரண்டு ஸ்டட்கள் இருக்கும். டி.எஃப். என்றால் அடி முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் மொட்டுகள். ஐ.சி. உள்ளரங்கத்துக்கு, உங்களுக்கு உதவாது.

எஃப்.ஜி.யா, டி.எஃப்.பா? பள்ளி மைதானத்துக்கே போய், அவர்கள் ஓடும் இடத்தில் வீட்டுச் சாவியை நுனி கீழாக ஊன்றி அழுத்திப் பாருங்கள். ஒரு விரல் நகத்தின் அளவுக்கு இறங்கினால் எஃப்.ஜி. கொஞ்சமும் இறங்காமல் தரையில் கீறல் மட்டும் விழுந்தால் டி.எஃப். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கணக்கு மாறும். நனைந்த கரிசல் அந்தச் சின்ன மொட்டுகளுக்கு நடுவே அப்பிக்கொண்டு, அடிப்பாகமே வழுவழுவென்று ஆகிவிடும். இடைவெளி விட்டு நிற்கும் எஃப்.ஜி. ஸ்டட்தான் அப்போது மண்ணை உதறும். ஒரே ஜோடிதான் வாங்க முடியும், மைதானத்தில் கொஞ்சமாவது புல் இருக்கிறது என்றால், குட்டையான உருண்டை ஸ்டட் வைத்த எஃப்.ஜி.யை எடுங்கள். ஸ்டட் 10 மில்லிமீட்டர் சுமாருக்கு இருந்தால் போதும்.

உருண்டை என்று சொல்வதைக் கவனியுங்கள். கத்திபோல் தட்டையாக நீண்ட பிளேடு ஸ்டட்களும் விற்கிறார்கள். அவை தரையைக் கவ்விக்கொண்டு எளிதில் சுழலாது. பாதம் நின்றுவிட, உடம்பு திரும்ப, முறுக்கு முழங்காலில் விழும். உருண்டை ஸ்டட் சுழன்று கொடுக்கும். ரக்பியில் கீழே விழுந்தவர்களின் மேலும் பக்கத்திலும் கால் படும், அடுத்த பிள்ளையின் தோலையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதே காரணத்தால் உலக ரக்பி விதியில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஷூவின் மூக்கு நுனியில், நட்ட நடுவே தனியாக ஒரு ஸ்டட் இருக்கக் கூடாது. சில ஷூக்களில் அப்படி இருக்கும், போட்டியன்று அதோடு ஆட நடுவர் விடமாட்டார். கடையிலேயே திருப்பிப் பாருங்கள். ஸ்டட்டில் கூர்முனையோ பிசிறோ இருக்கக் கூடாது என்பதும் விதி. உள்ளங்கையை அடிப்பாகத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், கீறினால் வேண்டாம். ஆணி வைத்த கிரிக்கெட் ஸ்பைக்ஸ், தடகள ஸ்பைக்ஸ் எதையும் ரக்பி மைதானத்துக்குள் கொண்டு போகவே கூடாது.

இனி அளவு. மாலையில் கடைக்குப் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும். ஆட்டத்துக்குப் போடும் தடிமனான முழங்கால் சாக்ஸைக் கையோடு கொண்டுபோய், அதைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். இரண்டு காலிலும் ஷூவை மாட்டி, லேஸைக் கட்டி, எழுந்து நிற்கச் சொல்லுங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் 5 முதல் 10 மில்லிமீட்டர் இடம் இருக்கட்டும். "வளர்ற பிள்ளை, ஒரு நம்பர் கூடவே எடுங்க" என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். நம்பர்களும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல் காலை நம்புங்கள்.

நீளத்தைவிட நம் பிள்ளைகளுக்கு அகலம்தான் சிக்கல். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த பாதம் விரல் பக்கம் விரிந்திருக்கும், கால்பந்து ஷூக்கள் பலவும் அங்கே ஒடுங்கியிருக்கும். உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் அவளை நிற்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் வெளியே நன்றாக வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். "போடப் போட விட்டுக் கொடுக்கும்" என்பது தோல் ஷூவுக்குத்தான் பொருந்தும். இப்போது வருபவை பெரும்பாலும் சிந்தெடிக், அது விடாது. குதிகால் கொப்பளித்துப் போகும். அடுத்து, ஷூவைக் கையில் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நட்ட நடுவில் மடிந்தால் உள்ளே பலமில்லை என்று அர்த்தம்.

இதிலேயே அண்ணன் ஷூவுக்கும் பதில் இருக்கிறது. இரண்டு நம்பர் பெரிய ஷூவில் பஞ்சு அடைத்தால் விரல் முட்டாமல் இருக்கும், அவ்வளவுதான். குதிகால் உள்ளே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஷூ வளையும் இடமும் பாதம் வளையும் இடமும் வேறு வேறாகிவிடும். ஓடி வருபவளை மற்றவள் இடுப்பில் பிடித்துத் தள்ளும் விளையாட்டில் கால் ஷூவுக்குள் புரளக் கூடாது. அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

செலவை உடனே செய்தாக வேண்டும் என்றும் இல்லை. தொடக்கத்தில் பந்தைக் கைமாற்றுவதும் தொட்டு ஆடும் பயிற்சியுமே நடந்தால் சாதாரண ஷூவே போதும். மோதிப் பிடிக்கும் பயிற்சி எப்போது தொடங்கும் என்று பி.டி. சாரிடம் கேட்டு, அதற்கு இரண்டு வாரம் முன்னால் வாங்குங்கள். முதல் மூன்று நாள் இருபது இருபது நிமிடம் மட்டும் போட்டுப் பழகட்டும். அதுவரை வெறுங்காலில் ஆடலாம் என்று விட்டுவிடாதீர்கள். நெருஞ்சி முள் ஒரு பக்கம், அடுத்தவர் ஸ்டட் இன்னொரு பக்கம்.

வாங்கிய கையோடு, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடிப்பாகத்தைச் சுற்றி நூல் தையல் போட்டுவிடுங்கள். பேஸ்டிங் மட்டும் நம்பிய ஷூ, இங்குள்ள வெயிலில் முதலில் மூக்குப் பக்கம்தான் வாய் பிளக்கும். வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு பஸ் ஏறக் கூடாது. தார் ரோட்டிலும் படிக்கட்டிலும் நடந்தால் ஸ்டட் ஒரு பக்கம் தேய்ந்து விளிம்பு கூராகிவிடும். பையில் கொண்டுபோய் மைதானத்தில் மாட்டட்டும். லேஸை இரண்டு முடிச்சுப் போட்டு, தொங்கும் நுனியை உள்ளே செருக வேண்டும். ஆடி முடித்ததும் காய்ந்த மண்ணைக் குச்சியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாளியில் சோப்புத் தூள் போட்டு ஊற வைத்தால் பேஸ்டிங் விட்டுப்போகும். மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்து தாளை மாற்றுங்கள். மொட்டை மாடி வெயில் கூடாது.

மாதம் ஒருமுறை அவளை நிற்க வைத்து ஷூவின் மூக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் முட்டத் தொடங்கிவிட்டால், ஸ்டட் தேயாமலே இருந்தாலும் அடுத்த ஜோடிக்கு நேரமாகிவிட்டது.