கார் உடைப்புச் சலுகைக்காக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 66. பென்ஷன் மாதம் 31,000 ரூபாய். 2010 நவம்பரில் வாங்கிய வேகன்-ஆர் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன், 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் கோவிலுக்கும் தூத்துக்குடியில் மகள் வீட்டுக்கும் ஆக்டிங் டிரைவர் வைத்துப் போய்வருவேன். மாதம் 300 கி.மீ. ஓடினால் அதிகம். போன நவம்பரில் 15 வருடம் முடிந்து ஆர்.சி. (பதிவுச் சான்று) காலாவதியாகிவிட்டது, நான்கு மாதமாகப் புதுப்பிக்கவில்லை. அடித்தகடு துருப்பிடித்திருக்கிறது, எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குத் தயார் செய்ய 25,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். கார் புரோக்கர் உள்ளது உள்ளபடி 70,000 தருகிறேன் என்கிறார். அரசு பதிவு பெற்ற ஸ்க்ராப் சென்டரில் 23,000 சொல்கிறார்கள். பக்கத்துக் காயலான் கடைக்காரர் ரொக்கமாக 32,000 தருகிறாராம். ஷோரூமிலோ, "இதை ஸ்க்ராப் பண்ணி சர்ட்டிஃபிகேட் கொண்டு வாங்க, புது வண்டிக்கு அரசாங்கச் சலுகை நிறைய இருக்கு, இந்த மாசத்தோட முடியுது" என்கிறார்கள். புது வண்டியின் ஷோரூம் விலை 7 லட்சம். இதற்காக 2023 ஜூனில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்ட 10 லட்சத்தை எடுக்கலாமா? மகன் எடுக்கச் சொல்கிறான்.

பதில்: டீச்சர், பணக் கணக்குக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். இன்றிலிருந்து அந்தக் காரை ரோட்டில் எடுக்காதீர்கள். ஆர்.சி. காலாவதியான வண்டியை ஓட்டினால் முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அது சின்ன விஷயம். வழியில் ஒரு விபத்து நடந்தால், பதிவு உயிரோடு இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். அந்தச் சுமையை உங்கள் பென்ஷன் தாங்காது. அடுத்த ஆஸ்பத்திரி நாளுக்கு வாடகைக் கார் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பழைய காரை என்ன செய்வது என்பது ஒன்று. புதுக் கார் வேண்டுமா என்பது மற்றொன்று. ஷோரூம்காரர் இரண்டையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார். அவிழ்த்துப் பார்ப்போம்.

15 வருடம் ஆனால் காரை உடைத்தே ஆக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். டெல்லியில் பழைய வண்டிகளுக்கு இருக்கும் கெடுபிடியை டி.வி.யில் பார்த்துவிட்டு வரும் பயம் அது. டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 வருடம் என்ற வரம்பு டெல்லி வட்டாரத்தின் காற்று மாசுக்காகத் தனியாக வந்தது. நம் ஊரில் தனியார் காருக்கு அப்படி எதுவும் இல்லை. எஃப்.சி.யில் தேறினால் 5 வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கிவைத்த வாகன அழிப்புக் கொள்கையின் பெயரிலேயே 'தன்னார்வ' என்ற சொல் இருக்கிறது. ஆனால் பழசை வைத்திருப்பதை அரசு கொஞ்சம் செலவுள்ளதாக்கியிருக்கிறது. 600 ரூபாயாக இருந்த கார் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. தாமதமானால் மாதத்துக்கு 500. 20 வருடத்தைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000.

இப்போது ஷோரூம்காரர் சொன்ன 'நிறையச் சலுகை' எவ்வளவு என்று பார்ப்போம். பதிவு பெற்ற மையத்தில் காரைக் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் ஒன்று தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. அது 600 ரூபாய். சாலை வரியில் 25% வரை சலுகை தரலாம் என்பது ஒன்றிய அரசின் விதி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13%. 7 லட்சத்துக்கு 91,000 வருகிறது; அதில் முழு 25% என்றால் 22,750. 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு குறையும் என்பதை நெல்லை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யாமல் இந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, கம்பெனித் தள்ளுபடி. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி கார் நிறுவனங்களை அழைத்துப் பேசிய பிறகு, கடைசி 6 மாதத்துக்குள் பழைய காரை உடைத்தவர்களுக்கு ஷோரூம் விலையில் 1.5% அல்லது 20,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத் தருவதாகப் பல நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. உங்களுக்கு 10,500. ஓராண்டுக்கு என்றுதான் அன்று அறிவித்தார்கள். அதனால் இன்றைக்கும் தருகிறோம் என்று டீலர் சொன்னால், கொட்டேஷனில் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸும் இதுவும் சேர்ந்து கிடைக்காது, ஏதாவது ஒன்றுதான்.

எல்லாம் முழுசாகக் கிடைத்தாலும் 600 + 22,750 + 10,500, ஆக 33,850. ஸ்க்ராப் விலை 23,000 சேர்த்தால் 56,850. புரோக்கர் சொல்லும் 70,000 இதைவிட 13,150 அதிகம். உங்கள் காரைப் போல விற்பனை மதிப்பு உள்ள வண்டிக்கு உடைப்புச் சலுகை லாபமே தராது. விபத்தில் நொறுங்கியது, இன்ஜின் போனது, யாரும் கேட்காதது, இப்படிப்பட்ட வண்டிகளுக்குத்தான் இந்தத் திட்டம் பொருந்தும். மாதக் கடைசி என்பது அரசு விதியில் இல்லை. அது ஷோரூமின் விற்பனைக் கணக்கு முடியும் நாள்.

அடுத்தது, எனக்கு அதிகக் கவலை தருவது: உங்கள் 10 லட்சம். 2023 ஜூனில் போட்டதால் 8.2% வட்டி 2028 ஜூன் வரை மாறாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 20,500 ரூபாய் வருகிறது இல்லையா? இந்தக் கணக்கில் தேவையான அளவு மட்டும் எடுக்க வழியில்லை, முழுசாக மூட வேண்டும். இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் 1% பிடிப்பார்கள். 10,000 அங்கேயே போகிறது. காருக்கு விலை 7 லட்சம், வரி 91,000, இன்ஷூரன்ஸ் சுமார் 34,000. சலுகை எல்லாம் கழித்தாலும் 7.9 லட்சம் வேண்டும். அந்தப் பணம் இப்போது உங்களுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 65,000 ரூபாய் சம்பாதித்துத் தருகிறது. ஒருமுறை கிடைக்கும் 33,850 ரூபாய் சலுகைக்காக வருடா வருடம் 65,000 ரூபாயை விடலாமா?

நீங்கள் ஓடுவது வருடத்துக்கு 3,600 கி.மீ. வாடகைக் காருக்குக் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வைத்தால் 72,000. வட்டியே அதில் பெரும்பங்கைக் கட்டிவிடும். சொந்தக் காருக்கு ஆகும் பெட்ரோல், ஆக்டிங் டிரைவர் சம்பளம், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எதுவும் இல்லை. 8 லட்சம் முதலும் அப்படியே இருக்கும். 'லோன் போட்டுக்கலாம்மா' என்று மகன் சொன்னால் அதையும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: 9% வட்டிக்கு 6 லட்சம், 5 வருடம் என்றால் மாதம் 12,455 ரூபாய் தவணை. வட்டி மட்டும் 1,47,000-க்கு மேல். 31,000 பென்ஷனில் 12,000 தவணை எனக்குச் சம்மதமே இல்லை. தவணையை மகனே தன் சம்பளத்தில் கட்டுகிறார் என்றால் அது வேறு பேச்சு. அப்போது வண்டியும் லோனும் அவர் பெயரில் இருக்கட்டும்.

ஆக, புதுக் கார் வேண்டாம் என்பது என் முடிவு. சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18% ஆகக் குறைந்தது, விலையும் இறங்கியது. இருந்தாலும் மாதம் 300 கி.மீ. ஓட்டத்துக்கு 8 லட்சம் தேவையில்லை.

பழைய காருக்கு வருவோம். எல்லாம் அந்தத் துருவைப் பொறுத்தது. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ராம்ப்பில் ஏற்றி, அடியில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்குரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினால் மேல்தகட்டில் மட்டும் செதில் உதிர்கிறதா, அல்லது சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் பொத்துக்கொண்டு உள்ளே போகிறதா? முதலாவது என்றால் வெல்டிங் போதும். 25,000 செலவு, 5,000 கட்டணம், 2,000 தாமதம், ஆக 32,000. அதோடு பழைய வண்டிக்கான பசுமை வரி. 5 வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 6,400 சொச்சம். தாராளமாகச் செய்து வைத்துக்கொள்ளலாம். ரப்பர் குழாய்களையும் மாற்றச் சொல்லுங்கள், இப்போதைய இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு அது நல்லது. உங்கள் காலத்து வண்டியில் பெரும்பாலும் ஏர்பேக் இருக்காது. தூத்துக்குடி நாற்கரச் சாலையில் டிரைவர் 60-ஐத் தாண்ட வேண்டாம்.

துரு தாங்கும் இடத்துக்கே போய்விட்டது என்றால் விற்கவும் வேண்டாம், இன்னொரு குடும்பம் அதில் ஏறப்போகிறது. 23,000-க்கு உடைக்கக் கொடுத்துவிடுங்கள்.

விற்பதானாலும் 70,000 தருகிறேன் என்ற புரோக்கரிடம் கவனம். காலாவதியான ஆர்.சி.யைப் பெயர் மாற்ற முடியாது. 'ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து மட்டும் போடுங்க, மீதியை நாங்க பார்த்துக்கறோம்' என்பார்கள். போடாதீர்கள். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் புதுப்பித்து, அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பேசி, பெயர் மாறிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்த்த பிறகே விற்பனை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் என்பதால் விற்ற பணத்துக்கு வருமான வரி வராது.

காயலான் கடையின் 32,000 பக்கமே போக வேண்டாம். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவர் பழைய ஆம்னியை அப்படிக் கொடுத்தார். மூன்று வருடம் கழித்து ஒரு இரவு, அவர் போகாத ஊரில் சிக்னலைத் தாண்டியதற்காக அவர் போனுக்குச் செலான் வந்தது. உடைத்ததாக நினைத்த வண்டியின் நம்பர் வேறெதிலோ ஓடிக்கொண்டிருந்தது. அந்த நம்பரை ரத்து செய்ய அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. பதிவு பெற்ற மையத்தில் நடப்பதை என் அண்ணனின் பழைய இண்டிகாவுக்காக நேரில் நின்று பார்த்தேன். முதலில் ஆயிலையும் கூலன்ட்டையும் வடித்தார்கள், ஏ.சி. கேஸை உறிஞ்சி எடுத்தார்கள், பேட்டரியைக் கழற்றினார்கள். பிறகு சேசிஸ் நம்பர் அடித்த துண்டைத் தனியாக வெட்டி எடுத்துப் பெயரெழுதி வைத்தார்கள். உங்கள் நம்பர் வேறெங்கும் முளைக்காமல் இருக்க அந்த ஒரு துண்டுதான் காவல். 9,000 ரூபாய் குறைவாக வாங்குவது அதற்காக.

அங்கே கொடுப்பதானால் ஒரிஜினல் ஆர்.சி., பான், வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். பணம் கணக்கில்தான் வரும். நிலுவைச் செலான் இருந்தால் முன்பே கட்டிவிடுங்கள். ஆர்.சி.யில் பழைய கார் லோனின் எச்.பி. (வங்கி அடமானப் பதிவு) இன்னும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்; லோன் முடித்து பத்து வருடம் ஆகியும் அதை நீக்காதவர்கள் ஏராளம். வங்கியில் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க ஒரு வாரம் பிடிக்கும். வண்டியை இழுத்துச் செல்லும் செலவு யாருடையது என்பதையும் விலை பேசும்போதே கேளுங்கள், சென்டர் தூரத்தில் இருந்தால் 23,000-இல் நல்ல பங்கை அதுவே தின்றுவிடும். ஒப்படைப்புச் சான்றிதழோடு, உடைத்து முடித்த பின் தரும் அழிப்புச் சான்றிதழையும் வாங்கி, ஆர்.சி. ரத்தானதை ஆன்லைனில் சரிபாருங்கள். நீங்கள் புதுக் கார் வாங்காவிட்டாலும் ஒப்படைப்புச் சான்றிதழ் வீணாகாது. மின்னணு முறையில் இன்னொருவருக்கு மாற்றலாம். மகன் எப்படியும் கார் வாங்கும் யோசனையில் இருந்தால் அவருக்கு அது உதவும், செல்லுபடித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக, பலரும் மறந்துவிடும் ஒன்று. கிளெய்ம் இல்லாமல் முழு இன்ஷூரன்ஸ் கட்டி வந்திருந்தால் உங்களுக்கு 50% வரை நோ கிளெய்ம் போனஸ் சேர்ந்திருக்கும். அது வண்டிக்கு உரியது இல்லை, உங்களுக்கு உரியது. காரை விற்றாலும் உடைத்தாலும் கம்பெனியிடம் அதற்கான கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; 3 வருடத்துக்குள் உங்கள் பெயரில் வேறு கார் வாங்கினால், பழையதாக இருந்தாலும், சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் அந்தக் கழிவு கிடைக்கும். பாலிசியில் மீதமுள்ள மாதங்களுக்கான பணமும் திரும்ப வரலாம், அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேகையும் வண்டி போகும் முன் வங்கியில் சொல்லி மூடிவிடுங்கள்.