முகப்பில் இருக்கும் பெட்டியை மாற்றினால் இரண்டாம் கட்டுக்கு வைஃபை வருமா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டில் ஆத்தா மட்டும் இருக்கிறார்கள். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். ஃபைபர் பெட்டி முகப்பில் மாட்டியிருக்கிறது. அங்கே யூடியூப் நன்றாக ஓடுகிறது. வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் ஆத்தா படுக்கும் அறையில் வீடியோ கால் பேசினால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. கேபிள்காரர், “பெட்டி பழசு, டூயல் பேண்ட் பெட்டி போட்டால் வீடு முழுக்க வரும், 4,800 ரூபாய். என்னிடம்தான் வாங்கணும், வெளியே வாங்கினால் வேலை செய்யாது” என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். முகப்பில் நன்றாக ஓடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் தெருவிலிருந்து வரும் ஃபைபரும் சரியாக இருக்கிறது, பெட்டியும் சரியாக இருக்கிறது. சிக்கல் பெட்டியைத் தாண்டிய பிறகுதான்.

சந்தேகம் இருந்தால் ஆத்தாவைப் பெட்டியின் விளக்குகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘பான்’ என்ற விளக்கு பச்சையில் அசையாமல் எரிய வேண்டும். ‘லாஸ்’ என்ற விளக்கு எரியவே கூடாது. அது சிவப்பில் மினுக்கினால் வெளியே வயர் அறுந்திருக்கும், மடங்கியிருக்கும், அல்லது இணைப்பில் தூசி ஏறியிருக்கும். அதைச் சரிசெய்வது கேபிள்காரர் வேலை. ஃபைபரில் வரும் ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரை வைத்து உங்கள் வீட்டுக்குள் அளந்து காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை இருந்தால் நல்லது. மைனஸ் 27-க்கும் கீழே போனால் எந்தப் பெட்டி போட்டாலும் மக்கர் பண்ணும்.

இப்போது சுவருக்கு வருவோம். செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் கனம் உங்களுக்குத் தெரியாததில்லை. செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே இரும்பு உத்திரம், நடுவில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் பின்பக்க உலோகப் பூச்சு வைஃபையைத் திருப்பி அடித்துவிடும். முகப்பிலிருந்து நடு முற்றமான வளவைக் கடந்து இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் இப்படி மூன்று நான்கு தடுப்பு. டூயல் பேண்ட் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையோடு 5 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்து வரும், அவ்வளவுதான். இந்த 5 பக்கத்தில் உட்கார்ந்தால் பறக்கும், ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4-ஐ விட மோசம். ஆக, 4,800 ரூபாய் கொடுத்த பிறகும் ஆத்தாவின் அறைக்கு வந்து சேரப்போவது இப்போது வருகிற அதே 2.4-தான்.

“வெளியே வாங்கினால் வேலை செய்யாது” என்பது பாதி உண்மை. ஃபைபர் இணைப்பில் ஜிபான், இபான் என்று இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கான பெட்டி மற்றதில் ஏறாது. அதோடு ஒரு ஃபைபரை 32 வீடு, 64 வீடு என்று பிரித்துத்தான் தருகிறார்கள் என்பதால், உங்கள் பெட்டியின் சீரியல் எண்ணை அவர்களிடம் இருக்கும் மெஷினில் பதிந்தால்தான் இணைப்பு உயிர் பெறும். பதிவது சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வியாபாரமே நடக்கிறது.

எனக்கு எரிச்சலே இந்த இடத்தில்தான். இணைப்பைத் துண்டித்த வீடுகளிலிருந்து கழற்றிய பெட்டிகளைத் துடைத்து, புது அட்டைப் பெட்டியில் போட்டு, புதுசு என்று விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ‘டெபாசிட்’ என்று வாயால் சொல்லி வாங்குவார்கள். இணைப்பை விடும்போது கேட்டால் “அது பெட்டி விலைங்க” என்பார்கள். விலையா, டெபாசிட்டா, வாடகையா என்று முதலிலேயே கேளுங்கள். எதுவானாலும் பெட்டியின் சீரியல் எண்ணோடு ரசீது வேண்டும். ரசீது கிடையாது என்றால் பணமும் கிடையாது. பெட்டியின் அமைப்புக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தராமல், வைஃபை பாஸ்வேர்டை ஒவ்வொரு தடவை மாற்றவும் 200 ரூபாய் கேட்கிறவர்களும் உண்டு.

புகார் செய்யலாமே என்பீர்கள். செய்யுங்கள். யாரும் வீட்டுப் பக்கமே வராமல் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வரும். புகார் எண்ணை வைத்துக்கொண்டு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்; ஆமாம், அதே நிறுவனம்தான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை எடுத்துக்கொள்வதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி இருக்கிறது. 2022-ல் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்தது. ஒரு பெட்டிக்காக யார் சிவகங்கைக்கு நடையாய் நடப்பது? அதனால்தான் ரசீதை முதலிலேயே வாங்கச் சொல்கிறேன்.

சரி, வழி என்ன? முகப்புப் பெட்டியிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒரு லேன் வயர் இழுத்து, அங்கே அந்த வயரிலிருந்து வைஃபை தரும் ஒரு அக்சஸ் பாயின்ட் வையுங்கள். பழைய வைஃபை ரூட்டர் கிடந்தால் அதையே அப்படி அமைத்துக்கொள்ளலாம். லேன் வயர் 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீட்டுக்கு அது போதும். கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரையும் அதே பெயரில் விற்கிறார்கள். சுவரில் ஓட்டை போட வேண்டாம், பங்காளிகளிடம் யார் பேச்சு வாங்குவது? கரண்ட் வயரை ஒட்டாமல், உத்திரத்தின் ஓரமாகக் கிளிப் அடித்துப் போகலாம். வளவின் திறந்த வானத்துக்குக் கீழே மட்டும் தொங்கவிடாதீர்கள். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. லேன் வயர் செம்பு, பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு பக்கப் பெட்டியும் போய்விடும். வைஃபையை நீட்டித் தரும் என்று ஆயிரம் ரூபாய்க்குள் விற்கும் ரிப்பீட்டரையும் வாங்காதீர்கள். சிக்னலே சரியாக வராத அறையில் அது எதை நீட்டும்?

பெட்டியை மாற்றுவது பற்றி இன்னும் ஒன்று. வீட்டில் பழைய லேண்ட்லைன் எண் ஃபைபருக்கு மாறியிருக்கிறதா? போன் வயர் பெட்டியின் ‘டெல்’ துளையில் செருகியிருந்தால், அந்த எண்ணுக்கான விவரமெல்லாம் பெட்டிக்குள்தான் இருக்கிறது. வெளியில் வாங்கிய பெட்டியில் போன் துளையே இல்லாமல் இருக்கலாம். துளை இருந்தும் விவரத்தைப் பதியாமல் விட்டால் இன்டர்நெட் வரும், போன் மட்டும் ஊமையாகிவிடும். ஆத்தா செல்போனை விட லேண்ட்லைனைத்தான் எடுப்பார்கள் என்றால் இது சின்ன விஷயமில்லை. அப்புறம், பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் மணி அடித்தது. ஃபைபரில் அது கிடையாது. பெட்டி அணைந்தால் போனும் அணைந்துவிடும். வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில் ராத்திரி கரண்ட் போனால் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு, கரண்ட் போனாலும் பெட்டியை ஓட வைக்கும் சின்ன பேட்டரியான மினி யுபிஎஸ் கிடைக்கிறது. பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்பியரா, 1.5-ஆ என்று எழுதியிருக்கும். அதற்குக் குறையாமல் வாங்குங்கள். இரண்டாம் கட்டில் வைக்கும் அக்சஸ் பாயின்டுக்கு இன்னொன்று வேண்டும், இல்லையென்றால் முகப்பில் மட்டும் வைஃபை இருக்கும். மாட்டிய அன்றே மெயினை அணைத்துவிட்டு, சென்னையிலிருந்து அந்த லேண்ட்லைனுக்கு அடித்துப் பாருங்கள்.