மாவுச்சத்தைக் குறைத்ததும் இறங்கிய எடை ஒரே விருந்தில் ஏறியது ஏன்?

கேள்வி: எனக்கு 46 வயது. ரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். சர்க்கரை நோய் இல்லை. எடையைக் குறைப்பதற்காக மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 30 கிராமுக்குள் கட்டுப்படுத்தினேன். முதல் வாரத்திலேயே 3 கிலோ குறைந்தது. ஆனால் தலைவலி, அசதி, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு, எழுந்து நின்றால் தலைசுற்றல் என ஒவ்வொன்றாக வந்தன. அடுத்த இரண்டு வாரங்களில் எடை அசையவே இல்லை. இடையில் ஒரு விருந்தில் பழையபடி சாப்பிட்டேன். மறுநாள் காலையில் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. இந்த உணவுமுறை எனக்கு ஒத்துவரவில்லையா? தொடரலாமா?

பதில்: நீங்கள் எழுதியவற்றுள் நான் முதலில் கவனித்தது எடையை அல்ல, தலைசுற்றலைத்தான். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் திடீரென மாவுச்சத்தைக் குறைத்தால், உடலிலிருந்து உப்பும் நீரும் வெளியேறுவதால் அழுத்தம் தானாகவே இறங்கக்கூடும். அதே பழைய அளவு மாத்திரையும் சேரும்போது அது தேவைக்கு மேல் தாழ்ந்துவிடலாம். சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் வகை மாத்திரையாக இருந்தால் இந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். ஆகவே உட்கார்ந்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்று ஓரிரு நிமிடம் கழித்து ஒருமுறையும் அழுத்தத்தை அளந்து, அந்த அளவுகளோடு இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ பாதியாக்கவோ வேண்டாம்.

இனி எடைக்கு வருவோம். நாம் உண்ணும் மாவுச்சத்தில் உடனடித் தேவைக்குப் போக எஞ்சியதில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம், தசைகளில் ஏறத்தாழ 400 கிராம் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து வரத்து நின்றதும் இந்தச் சேமிப்பில் பெரும்பகுதி சில நாட்களில் கரைகிறது; அது பிடித்து வைத்திருந்த நீரும் வெளியேறுகிறது. இதனோடு, இன்சுலின் அளவு தாழும்போது சிறுநீரகங்கள் சோடியத்தைத் தேக்கி வைக்காமல் வெளியே விடுகின்றன. சோடியம் போகும் வழியே நீரும் போகும். உங்கள் முதல் வாரத்து 3 கிலோவில் பெரும்பங்கு இந்த நீர்தான், கொழுப்பு கொஞ்சம்தான். உங்கள் தலைவலியும் அசதியும் பெரும்பாலும் இதே நீரிழப்பு, உப்பிழப்பின் விளைவுகளே. தசைப்பிடிப்புக்கும் இதில் பங்கிருக்கலாம். உங்களை மகிழ்வித்த எடைக்குறைவும் வருத்திய தொல்லைகளும் ஒரே மாற்றத்திலிருந்து வந்தவை என்பதைப் புரிந்துகொண்டால், முதல் வாரத்தை வைத்து இந்த உணவுமுறையைப் புகழவும் தோன்றாது, பழிக்கவும் தோன்றாது.

விருந்துக்கு மறுநாள் கூடிய ஒன்றரைக் கிலோவையும் இப்படியே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ உடற்கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சப்பட வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு 11,500 கலோரிக்கு மேல் வேண்டும். எவ்வளவு பசித்தவராலும் ஒரே இரவில் அவ்வளவு உண்ண முடியாது. மாறாக, அந்த விருந்தில் 300 கிராம் மாவுச்சத்து உள்ளே போய் அது முழுவதும் கிளைகோஜனாகச் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால், அதனோடு 900 கிராம் நீர் சேர்ந்து 1.2 கிலோ ஆகிவிடுகிறது. விருந்து உணவின் உப்பு பிடித்து வைக்கும் நீரையும், குடலில் இன்னும் செரிக்காமல் இருக்கும் உணவின் எடையையும் கூட்டினால் உங்கள் ஒன்றரைக் கிலோவுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அது கொழுப்பு அல்ல. மாவுச்சத்தை மீண்டும் குறைத்ததும் சில நாட்களில் பெரும்பாலும் இறங்கியிருக்க வேண்டும்.

எடை அசையாத அந்த இரண்டு வாரங்களுக்கும் இதில் பாதி விடை உண்டு. சில வாரங்களில் உடல் உப்பிழப்பைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. இழந்த நீரில் கொஞ்சம் மீள்கிறது. வாரம் அரைக் கிலோ கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும், மீளும் நீர் அதை மறைத்துவிடும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவையும் குறித்து வையுங்கள். நான்கு வாரங்கள் கழிந்தும் இரண்டுமே அசையவில்லை என்றால், மறுபாதி விடையைத் தட்டில் தேட வேண்டும். மாவுச்சத்தில் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. கை நிறைய அள்ளிய கொட்டைகளும், கணக்கின்றி ஊற்றிய எண்ணெயும், கனமான பாலாடைக்கட்டித் துண்டுகளும் மாவுச்சத்தில் மிச்சப்படுத்தியதைச் சத்தமின்றி ஈடுகட்டிவிடும். இந்த முறையில் அளவே பார்க்க வேண்டாம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

தலைவலிக்கும் பிடிப்புக்கும் உப்பைக் கூட்டச் சொல்வது வழக்கம். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு உப்பிட்ட சூப் ஒரு கிண்ணம் அன்றே பலன் தரும். உங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால், மேலே சொன்ன அளவீட்டை மருத்துவர் பார்த்த பிறகே அதைச் செய்யுங்கள். இதய பலவீனமோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. உங்களைப் போலன்றிச் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்சுலினோ, உடலில் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுக்கும்போது மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளோடு இந்த உணவுமுறை சேர்ந்தால், சர்க்கரை பெரிதாக உயராமலேயே ரத்தத்தில் அமிலம் மிகும் கீட்டோஅமிலத்துவம் என்னும் உயிராபத்தான நிலை வரக்கூடும். மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்கவே கூடாது.

தொடரலாமா என்றால், அழுத்தம் சீராகி, நீங்கள் இதை விரும்பி உண்ணவும் முடிந்தால் தொடரலாம். ஆனால் 30 கிராம்தான் வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் கீழ் இருந்தாலே அதைக் குறைந்த மாவுச்சத்து உணவு என்று கொள்கிறார்கள்; 100 கிராம் அளவில் பயறும் பழமும் கூடத் தட்டில் இடம்பெறும், மலச்சிக்கலும் குறையும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 609 பேர் இரு பிரிவாக ஓராண்டு பின்பற்றியபோது, கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல்படி அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல. இரு பிரிவிலும் மிக அதிகம் இழந்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். எனவே இதில் ஏதோ தனி மந்திரம் இருப்பதாக எண்ணி உங்களை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

தொடர்வதானால் ஒரு பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். இப்போது ஒருமுறையும், மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் ரத்தக் கொழுப்பு அளவுகளைப் பாருங்கள். பலருக்கு டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இறங்கும். சிலருக்கு மட்டும் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கடுமையாக ஏறும். உங்களுக்கும் அப்படி ஏறினால் வெண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி ஆகியவற்றின் இடத்தில் மீனையும் கொட்டைகளையும் தாவர எண்ணெயையும் அளவோடு வைத்து, மாவுச்சத்தைச் சற்று உயர்த்தி, ஆறிலிருந்து எட்டு வாரங்களில் மீண்டும் பார்க்கலாம்; அப்போதும் இறங்காவிட்டால் இந்த முறையை விட்டுவிட்டு வேறொன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.