கீச்சிடும் ஷட்டருக்கு மோட்டர் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2004 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121 இருக்கிறது. ஓட்டுநர் பக்கப் பவர் ஷட்டர் (மோட்டரில் ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடி) ஒரு வருடமாகக் கீச்சென்று கத்துகிறது. இறக்கும்போது கொஞ்சம், ஏற்றும்போது அதிகம். கண்ணாடி ஏறுவதும் மெதுவாகிவிட்டது. மாரியில் மழை பெய்த நாட்களில் சத்தமே இருக்கவில்லை. வறண்ட கச்சான் காற்றுத் தொடங்கியதும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. கராஜில் காட்டினால் மோட்டர் செட்டையே மாற்ற வேண்டும், ரீகண்டிஷன் (பாவித்தது) போட்டாலும் 20,000 ரூபாவுக்கு மேல் போகும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா ஐயா?
— வாசகர், பெரியகல்லாறு

பதில்: இப்போதைக்கு மோட்டர் வாங்காதீர்கள். மழை நாளில் சத்தம் இருக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மோட்டரோ, கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரோ பழுதென்றால் மழையிலும் கேட்டிருக்கும். நனைந்தால் நின்றுபோகிற சத்தம், காய்ந்து இறுகிய ரப்பரில் கண்ணாடி உரசும் சத்தம். இருபது வருட ரப்பர், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். கண்ணாடி ஓடும் ரப்பர் காலுக்குள் (கதவுச் சட்டத்தின் ரப்பர் பள்ளம்) அந்த மணல் போய் உட்கார்ந்திருக்கும். கண்ணாடி மெதுவாக ஏறுவதற்கும் பெரும்பாலும் அந்த இறுக்கமே காரணம்.

உறுதி செய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. கண்ணாடியைப் பாதி இறக்கி, இரண்டு பக்க ரப்பர் காலிலும் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் வடியவிட்டு, இரண்டு தரம் ஏற்றி இறக்குங்கள். சத்தம் நின்றால் கோளாறு ரப்பரில்தான். ஷட்டர் சுவிட்சுகள் பக்கம் தண்ணீர் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. கண்ணாடியை முழுதாக இறக்குங்கள். பழைய வங்கி அட்டை ஒன்றில் ஈரத்துணியைச் சுற்றி, ரப்பர் கால் நெடுக உள்ளே விட்டுத் துடையுங்கள். முதல் துணி கறுப்பாக வரும். அழுக்கு வராத வரைக்கும் துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பலரும் இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். மணலை எடுக்காமல் மேலே எதைப் பூசினாலும் சத்தம் ஒரு வாரத்தில் திரும்பி வரும், கண்ணாடியிலும் கோடு விழும். நன்றாகக் காய்ந்த பிறகு, சிலிக்கன் ஸ்ப்ரேயின் குழாயை உள்ளே வைத்து முன்கால், பின்கால், மேல் ரப்பர் மூன்றுக்கும் மெல்லிதாக அடியுங்கள். ஐந்தாறு தரம் ஏற்றி இறக்கிவிட்டு, கண்ணாடியில் படிந்ததைத் துடைத்துவிடுங்கள். இடைவிடாமல் ஏற்றி இறக்க வேண்டாம். பல மோட்டர்களுக்குள் சூடேறினால் தானே நின்றுகொள்ளும் காப்பு இருக்கிறது. அப்படி நின்றால் பழுதாகிவிட்டது என்று பயப்படாமல் சில நிமிடம் ஆறவிடுங்கள்.

ஸ்ப்ரே வாங்கும்போது டின்னில் சிலிக்கன் என்று இருக்கிறதா என்று வாசித்து வாங்குங்கள். டபிள்யூடி-40 என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. வழக்கமான டின் துருப்பிடித்த ஆணிக்கு நல்லது, ரப்பருக்கு அல்ல. அதே நிறுவனம் சிலிக்கன் ஸ்ப்ரேயைத் தனி டின்னில் விற்கிறது. என்ஜின் ஒயில், கிறீஸ், தேங்காய் எண்ணெய் எதுவும் ரப்பர் பக்கம் போகக் கூடாது. ஒரு முறை என் காரில் அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். இரண்டு நாள் சத்தம் இல்லை. பிறகு தெருப் புழுதி முழுக்க அதில் ஒட்டி, கண்ணாடி முன்னையைவிட இறுகியது. கடைசியில் ரப்பரையே மாற்ற வேண்டி வந்தது. உங்களுக்கு அந்தச் செலவு வரக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் சத்தம் இருந்தால், அது என்ன சத்தம் என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். கடகடவென்று அடித்தால் ரெகுலேட்டரின் பல்லோ கேபிளோ தேய்ந்திருக்கிறது. மோட்டர் சுழல்வது கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டு உடைந்திருக்கலாம். கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து ஏறினால் உள்ளே ஆணி தளர்ந்திருக்கிறது. இவற்றுக்குக் கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும். முதலில் பற்றரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். கையை உள்ளே விட்டிருக்கும்போது யாராவது சுவிட்சைத் தொட்டால் விரல் போய்விடும். பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிய விடாதீர்கள். அதைத் திரும்ப ஒழுங்காக ஒட்டாவிட்டால் மாரியில் தண்ணீர் காருக்குள் வரும். கதவு திறந்திருக்கும்போதே அடியில் உள்ள வடிகால் துளைகளை ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். கடற்கரையோரக் கார்களின் கதவுகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் உக்கத் தொடங்குகின்றன.

வேலை முடிந்து பற்றரியைப் பூட்டியதும் ஒரே தட்டில் தானாக ஏறும் வசதி வேலை செய்யாமல் போகலாம். கண்ணாடி முழுதாக ஏறிய பின்னும் சுவிட்சைச் சில விநாடி இழுத்துப் பிடித்திருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: ஷட்டர் மோட்டர் உண்மையிலேயே எரிந்துவிட்டது. ரீகண்டிஷன் ஒன்று வாங்கிப் பூட்டினேன். பத்தாம் நாள் நின்றுவிட்டது. கடைக்காரர் ஒரு மாதம் பொறுப்பு என்று வாயால் சொன்னவர், இப்போது நீங்கள் பிழையாகப் பூட்டியிருப்பீர்கள் என்கிறார். பில் வாங்கவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகி, அக்கரைப்பற்று

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, அம்மா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய காரை வைத்துச் சமாளித்த குடும்பங்கள் எத்தனை! பாவித்த பாகத்தை நம்பித்தான் அந்தக் கார்கள் ஓடுகின்றன. அதில் ஏமாற்றுவது சிறிய விசயம் அல்ல.

முதலில் கடைக்குப் போய், வாங்கிய திகதியிட்டு இப்போதாவது பில் தரும்படி கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். மறுத்தால், பணம் அனுப்பிய வங்கிக் குறுஞ்செய்தி, கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப், பெட்டியின் படம் என்று கையில் உள்ளதை எல்லாம் சேர்த்து அந்த அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம். பூட்டிய மெக்கானிக்கிடம், எந்த நாள் பூட்டினார், எப்படி நின்றது என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பிழையாகப் பூட்டினீர்கள் என்ற பேச்சுக்கு அது மறுமொழியாக இருக்கும்.

இனி வாங்கும்போது கழற்றிய பழைய மோட்டரையும் சேசிஸ் இலக்கத்தையும் கொண்டு போங்கள். வருடத்தையும் மொடலையும் மட்டும் சொன்னால் போதாது. சாதாரண மோட்டருக்கு இரண்டு வயர், தானாக ஏறும் வகைக்குக் கூடுதல் வயர், சொக்கட் பொருந்தாது. இரண்டு வயர் மோட்டர் என்றால் கடையிலேயே 12 வோல்ட் பற்றரியில் பிடித்து, வயரை மாற்றிப் பிடித்து, இரண்டு பக்கமும் சுற்றுகிறதா என்று பாருங்கள். வலது முன் கதவு, ரீகண்டிஷன், இத்தனை நாள் பொறுப்பு என்று பில்லில் எழுதித் தந்த பிறகு காசைக் கொடுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் உள்ள வாகனப் பாகக் கடைகளில் தெரிந்தவர் மூலம் எடுப்பித்தாலும் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: மீட்டர் கணக்கில் வெட்டி விற்கும் ரப்பரை ஷட்டருக்குப் போடலாமா?
— வாசகர், கல்முனை

பதில்: கதவைச் சுற்றி வரும் பீடிங்குக்கு, அளவு பொருந்தினால் போடலாம். கண்ணாடி ஓடும் காலுக்கு வேண்டாம். அந்த ரப்பரின் உள்பக்கத்தில் கண்ணாடி வழுக்கி ஓட வெல்வெட் போன்ற மெல்லிய பூச்சு இருக்கும். மூலைகளும் கதவின் வளைவுக்கு ஏற்றபடி வார்த்திருக்கும். வெட்டி விற்கும் ரப்பரில் இது இல்லாவிட்டால் இறுகிப் பிடிக்கும், கடைசியில் மோட்டரைத் தின்னும். அதே மொடல் காரில் கழற்றிய, வெடிப்பில்லாத ரப்பர் கிடைத்தால் அதை எடுங்கள். விரலால் மடித்துப் பாருங்கள், விட்டதும் பழைய வடிவத்துக்கு வர வேண்டும். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடாக வெடித்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.