குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வயிறு உப்புசமும் அடிக்கடி போவதும் எப்போது அடங்கும்? நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

உங்களைச் சுற்றி இப்போது ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதற்கெல்லாம் காது கொடுக்கும் முன் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: குடலில் எந்தப் பகுதியை எடுத்தீர்கள்? மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

எங்கள் வீடு கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம். பெரிய சீக்கு என்றால் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடுவோம். எனக்குச் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் அடைப்பு. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை இணைத்துத் தைத்தார்கள். பித்த உப்பைத் திரும்ப உறிஞ்சுவதும் பி12 சத்தை எடுப்பதும் சிறுகுடலின் கடைசிப் பகுதிதானாம். அது போய்விட்டால் பித்தம் நேரே பெருங்குடலில் இறங்கி, தண்ணீராகப் போகும். சர்ஜன் ஒரு துண்டுத் தாளில் படம் வரைந்து காட்டினார். தேங்காய் அரைத்த குழம்பும் பொரித்த சாளை மீனும் தின்ற அன்றைக்கெல்லாம் ஏன் ஓட்டம் என்று அப்போதுதான் விளங்கியது. கொழுப்பு கூடினால் பித்தமும் கூடும். மலக்குடல் பக்கம் எடுத்தவர்களுக்குக் கதையே வேறு. கொஞ்சம் கொஞ்சமாக, அடுத்தடுத்துப் போகவேண்டி வரும். அவர்கள் சொல்லும் யோசனை எனக்கு ஒத்துவராது, என்னுடையது அவர்களுக்கும் ஒத்துவராது.

முதல் வாரங்களில் என்னைத் தாங்கியது பொடியரிசிக் கஞ்சி. மைனி (அண்ணன் மனைவி) குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, சின்னக் கிண்ணத்தில் அடிக்கடி கொண்டுவந்து தருவார். ஏத்தம்பழத்தை (நேந்திரம்பழம்) அவித்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் கறுப்பு விதை வரியைக் கரண்டி முனையால் வழித்துவிட்டு மசித்துத் தருவார். பயறு, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), சக்கை (பலா), பால் சாயா இந்த நாலும் எனக்குக் காற்றை நிறைத்தன. பாலை விட்டுவிட்டுக் கட்டன் சாயா குடித்தேன், அதுவும் கடுப்பமில்லாமல். காற்று பிரியாமல் நெஞ்சுவரை முட்டும்போது முற்றத்தில் மெதுவாக நடப்பேன். இருமல் வந்தால் தலையணையைத் தையல்மேல் அமர்த்திப் பிடித்துக்கொள்வேன். படுத்தே கிடந்தால் குடலும் மந்தமாகிவிடும்.

ஓட்டத்துக்கு டாக்டர் எழுதித் தந்தது பித்தத்தைப் பிடித்துவைக்கும் பொடி. தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அது மற்ற மாத்திரைகளையும் பிடித்துவைக்கும் என்பதால் நடுவில் சில மணி நேரம் இடைவெளி விடச் சொன்னார். 'நீ என்ன டாக்டரா' என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: இல்லை. அதனால்தான் மருந்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே யாராவது கடையில் போய் வாங்குவார்கள்.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வெளியே நின்று 'கேன்சரா?' என்று மைனியிடம் கேட்டார்கள். வெட்டி எடுத்ததைப் பரிசோதித்ததில் வந்தது குடல் காசநோய். ஆறு மாத மாத்திரை, குணமாகும் நோய். அது தெரிந்த பிறகு ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனேன். எல்லாருக்கும் கண்ணாடி கிளாசில் சாயா, எனக்கு மட்டும் காகிதக் கப். படித்த வீடு, வாத்தியார் வீடு. நுரையீரலில் இருந்தால்தான் இருமலில் பரவும். என் எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. நான் குடித்த கிண்ணத்தைக் கழுவி அதிலேயே மைனி கஞ்சி குடித்தார். அந்தக் கப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

சரி, எப்போது அடங்கும் என்றால், பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குடல் பழகிக்கொள்ளும். எனக்கும் அப்படித்தான். பி12 ஊசி மட்டும் இன்னும் போடுகிறேன். ஆனால் வயிறு கல்மாதிரி வீங்கி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் இருந்தால், அல்லது காய்ச்சல் அடித்தால், ரத்தம் போனால், சுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் வண்டி பிடித்து, ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள்.