பீப்பாய்ப் பக்கம்: கார்ன் சிரப்பும் கருப்பட்டியும்

கேள்வி: நன்றித் திருநாளுக்கு பீக்கன் பை (பீக்கன் கொட்டை வைத்த இனிப்புப் பலகாரம்) செய்யலாம் என்று வாங்கிய காரோ லைட் கார்ன் சிரப் (சோளப் பாகு) பிரிக்காமலே கிடக்கிறது. இந்த சனிக்கிழமை வீட்டில் ஐந்து கேலன் பேல் ஏல் (வெளிர் நிற பியர்) காய்ச்சப் போகிறேன். சர்க்கரைக்குப் பதில் இதை ஊற்றினால் என்ன? (பெயர் வேண்டாம். மாமியார் இந்தப் பத்திரிகையை வரி விடாமல் படிப்பவர்.)
— டாலஸ் வாசகர்

பதில்: ஊற்றலாம். பியர் ஒன்றும் கெட்டுப்போகாது. அதற்கு முன்னால் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். கார்ன் சிரப், உப்பு, வனிலா என்று இருக்கும். பீக்கன் பைக்கு வனிலா சரி, பேல் ஏலுக்கு எதற்கு? கொஞ்சம்தான், நாக்கு பழகாதவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அதனால் நான் போடமாட்டேன்.

இந்தப் பாகு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சோள மாவுச்சத்தை அமிலமோ என்சைமோ கொண்டு உடைக்கிறார்கள். கடைசிவரை உடைத்தால் குளுக்கோஸ். மளிகைக்கடை பாகை நடுவழியிலேயே நிறுத்திவிடுவார்கள், கெட்டியாக, சர்க்கரை பூக்காமல் இருக்கவேண்டுமே. ஆகவே அதில் ஈஸ்ட் ஆசையாகத் தின்னும் குளுக்கோஸும் மால்டோஸும் உண்டு, ஈஸ்ட் தொடவே முடியாத நீளச் சர்க்கரைச் சங்கிலிகளும் உண்டு. அந்த மிச்சம் பியரிலேயே தங்கிவிடும். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) பொடியை ஈஸ்ட் வழித்துத் துடைத்துவிடும், இதை அப்படித் துடைக்காது.

கணக்கு: 16 திரவ அவுன்ஸ் பாட்டிலில் உள்ள பாகு தராசில் ஏறக்குறைய 650 கிராம் நிற்கும், அதில் நாலில் ஒரு பங்கு தண்ணீர் என்று வையுங்கள். ஐந்து கேலன் வோர்ட் (மால்ட், அதாவது முளைகட்டிய தானியம், ஊறிய சாறு) ஹைட்ரோமீட்டர் என்ற அடர்த்தி அளக்கும் கருவியில் 1.040 காட்டினால், முழு பாட்டிலும் போட்டபின் 1.050 பக்கம் வரும். அதற்குமேல் வேண்டாம். சர்க்கரையில் ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜன் இல்லை, மால்ட்டில்தான் இருக்கிறது. சர்க்கரை ஏற ஏற பியர் தண்ணியாகப் போகும்.

கொதி முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றிக் கிண்டுங்கள். எரியும் அடுப்பில் நான் ஒருமுறை ஊற்றினேன். பாகு நேராக அடியில் போய் உட்கார்ந்து, பட்சணம் செய்யும்போது பாகு முற்றிக் கருகுமே, அந்த வாசனை. பானையின் அடியில் கறுப்பு வட்டம் இன்னும் இருக்கிறது.

கேள்வி: பாட்டிலில் அடைக்கும்போது நுரைக்காகப் போடும் சர்க்கரைக்கும் கார்ன் சிரப் ஆகுமா? பான்கேக் சிரப்?
— நியூ ஜெர்சி வாசகி

பதில்: ஆகும், ஆனால் அளவு பிடிபடாது. எவ்வளவு புளிக்கும் என்று எந்த பாட்டிலிலும் எழுதியிருக்காது, குத்துமதிப்பாகப் போட்டால் ஒரு தடவை சோடா, ஒரு தடவை கஷாயம். ஐந்து கேலனுக்கு டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 125 கிராம், வீட்டுச் சர்க்கரை என்றால் 115 கிராம். டெக்ஸ்ட்ரோஸ் பொடிக்குள் கொஞ்சம் தண்ணீர் கலந்தே இருப்பதால்தான் அந்த வித்தியாசம். கப்பில் அளக்காதீர்கள், நிறுத்துப் போடுங்கள். தராசு இல்லாதவர்கள் சர்க்கரைக்குச் செலவழிக்கும் காசில் முதலில் தராசு வாங்கலாம்.

பான்கேக் சிரப் வேறு சாதி. பலவற்றில் சோடியம் பென்சோயேட் அல்லது சார்பேட் இருக்கும், பூஞ்சையும் ஈஸ்டும் வராமல் தடுப்பதுதான் அதன் வேலையே. ஐந்து கேலனில் அது கரைந்து காணாமல் போய்விடும் என்பது உண்மைதான். நான் மாட்டிக்கொண்டது ஈஸ்ட் ஸ்டார்ட்டரில், அதாவது பியரில் விடுமுன் ஈஸ்டைச் சின்ன ஜாடியில் பெருக்குவதில். மால்ட் பொடி தீர்ந்த ஒரு ஜனவரி இரவு, வெளியே பனி, கடைக்குப் போக சோம்பல். ஊறுகாய் ஜாடியில் பாதி தண்ணீர், பாதி பான்கேக் சிரப், அதில் ஈஸ்டைக் கொட்டி மூடினேன். காலையில் நுரையில்லை, குமிழியில்லை. அரிசி களைந்த தண்ணீர் தெளிந்ததும் அடியில் படியுமே, அப்படி வெள்ளையாக ஈஸ்ட் படுத்துக் கிடந்தது. அவ்வளவு கெட்டியான சர்க்கரையே அதை முடக்கியிருக்கும், மீதியை பென்சோயேட் பார்த்துக்கொண்டது. எட்டு டாலர் போச்சு.

கேள்வி: 2019 சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி) விளம்பரத்தில் பட் லைட் பியர்காரர்கள், போட்டி பியர்களான "மில்லர் லைட்டிலும் கூர்ஸ் லைட்டிலும் கார்ன் சிரப்" என்று கிண்டலடித்தார்களே. கோலாவில் போடுவதும் இதுவும் ஒன்றா?
— ஒஹையோ வாசகர்

பதில்: ஒன்றில்லை. கோலாவில் போவது ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப். குளுக்கோஸில் ஒரு பங்கை இன்னொரு என்சைம் வைத்து ஃப்ரக்டோஸாக மாற்றியது. பியர் ஆலையில் போடுவது அப்படி மாற்றாத, ஈஸ்ட் தின்னக்கூடிய கார்ன் சிரப், அதை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலும் வாயுவுமாக்கிவிடுகிறது. கேனைத் திறக்கும்போது உள்ளே சிரப் இருக்காது. பட் லைட்டில் அதே வேலையை அரிசி செய்கிறது, அவ்வளவுதான்.

நான் இருப்பது மில்வாக்கி, மில்லரின் ஊர். அந்த விளம்பரம் வந்த வாரம் அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை. சோள விவசாயிகள் சங்கம் கோபித்துக்கொண்டது, அந்த இரண்டு பியரையும் காய்ச்சிய மில்லர்கூர்ஸ் இங்கே விஸ்கான்சினில் வழக்குப் போட்டது. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பட் லைட் பக்கம் தீர்ப்புச் சொன்னது: தங்கள் பியரின் மூலப்பொருள் பட்டியலில் கார்ன் சிரப் என்று மில்லர்கூர்ஸே போட்டிருக்கும்போது, போட்டிக்காரன் அதைச் சொன்னால் தப்பில்லையாம். சட்டப்படி சரி. எனக்கு அந்த விளம்பரம் பிடிக்கவில்லை.

கேள்வி: கோயம்புத்தூரில் வீட்டில் காய்ச்ச என்னென்ன வாங்க வேண்டும்?
— கோவை வாசகர்

பதில்: ஒன்றும் வாங்காதீர்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. இங்கே அமெரிக்காவில் 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் பெரியவர்கள் இரண்டு பேர் உள்ள வீடு வருஷத்துக்கு 200 கேலன் வரை, விற்காமல், காய்ச்சிக்கொள்ளலாம். அங்கே அப்படியொரு சலுகை கிடையாது.

கேள்வி: கார்ன் சிரப்புக்குப் பதில் நம்ம கருப்பட்டி?
— ஆஸ்டின் வாசகி

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பேல் ஏலில் வேண்டாம், ஸ்டவுட்டில் (கருநிற பியர்) போடுங்கள். ஐந்து கேலனுக்கு 300 கிராம். தட்டி, கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். மணல், பனை நார், சில சமயம் ஒரு எறும்பு, எல்லாம் வரும். பியர் புளிக்கத் தொடங்கி மூன்றாம் நாள், நுரை அடங்கும்போது ஊற்றுங்கள். முதலிலேயே போட்டால் ஈஸ்ட் லேசான சர்க்கரையைத் தின்றுவிட்டு மால்டோஸ் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று அடம்பிடிக்கலாம். இனிப்பு முழுக்கப் போய்விடும், புகை மணமும் லேசான உப்புக் கரிப்பும் நிற்கும்.

அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது உடன்குடிக் கருப்பட்டி கொண்டுவந்தார். அதில் பாதியை ஏர்லாக் (வாயுவை மட்டும் வெளியே விடும் அடைப்பு) வைத்த பியர் பக்கெட்டில் கரைத்தேன் என்று தெரிந்து ஒன்றும் சொல்லவில்லை. "பதநீர் புளிச்சிரக் கூடாதுன்னு பானைக்கு மெனக்கெட்டு சுண்ணாம்பு தடவி இறக்குதான். நீ அதை இங்க கொண்டாந்து புளிக்க வைக்கே" என்றார், அவ்வளவுதான். ஆறு வாரம் கழித்து ஒரு பாட்டிலைத் திறந்து அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்தார், டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மிச்சக் கருப்பட்டிய எடுத்து உள்ள வை. நாளைக்குக் காப்பிக்கு வேணும்."