4294967297 பகா எண்ணா, பகு எண்ணா? கணினி இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?

பகு எண்தான். 641 × 6700417. கையாலேயே முடியும், அதுவும் ஐந்தே வகுத்தலில்.

நீங்கள் 2-ஐ அடியாக வைத்து ஃபெர்மா சோதனை (அடியை n−1 முறை பெருக்கி n-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) போட்டு, 'பகா எண்' என்று வந்ததால் குழம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த எண் அந்தச் சோதனையில் தப்பித்துவிடும், அடியை 3 ஆக மாற்றினால் மாட்டிக்கொள்ளும். இது 2³²+1. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்து, ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று வரும் வரிசையில் அடுத்தது. முதல் ஐந்தும் பகா எண்கள் என்பதால் இதுவும் அப்படித்தான் என்று அந்தச் சோதனைக்குப் பெயர் தந்த கணித மேதை ஃபெர்மாவே நம்பினார். 1732-ல் ஆய்லர் என்ற கணித மேதைதான் அதை உடைத்தார்.

கல்லூரி முதலாண்டுத் தேர்வில் எனக்கு இதே கேள்வி வந்தது. p என்ற பகா எண் இதை வகுத்தால் 2³²-இன் மீதி −1, அப்படியென்றால் 2⁶⁴-இன் மீதி 1, அதற்கு முந்தைய எந்த அடுக்கிலும் மீதி 1 வராது, 2-இன் p−1 ஆவது அடுக்கின் மீதியும் 1, ஆகவே p−1 கட்டாயம் 64-இன் மடங்கு என்று எழுதினேன். அந்த வடிவத்தில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. வரிசையாக வகுத்தேன். மீதி 109, 2, 325, 288. கடைசியில் 0. அந்தப் பூஜ்யம் வந்தபோது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

கிடைத்தது பாதி மதிப்பெண். "2-லிருந்து வரிசையாக வகுத்துக் காட்டவில்லை" என்று சிவப்பு மையில் குறிப்பு. 641 என்பது 116-ஆவது பகா எண், 116 முறை வகுத்து எழுத விடைத்தாளில் இடம் எங்கே? ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எனக்குக் கணக்கு பிடித்ததே ஓர் ஆசிரியரால்தான். ஆனால் சரியான நிரூபணத்தைப் படிக்காமலே மதிப்பெண்ணை வெட்டுவது வேறு விஷயம்.

சரி, எண்ணுக்கு வருவோம். 6700417-உம் பகா எண்தான். அதன் காரணியும் 64k+1 வடிவில்தான் இருக்க வேண்டும், வர்க்கமூலம் 2589-க்குள் அடங்குவதால் k-ஐ 10-லிருந்து 40 வரை பார்த்தால் போதும். அன்று ராத்திரியே உட்கார்ந்து அதையும் முடித்துவிட்டுத்தான் படுத்தேன்.